ஒற்றை

ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில்
விடிகாலை ஐந்தே காலுக்கு மழை.
மழை எங்களுக்கு எதிர்த்தரப்பு வக்கீல்.
அது வாயைத் திறந்து முடிப்பதற்குள்
பொறுக்கிவிட வேண்டும்.

முட்டி போட்டேன்.
விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால்
தார் ஒரு மாதிரி மினுங்கும்
தாரல்லாதது வேறு மாதிரி.
நீலச் சாயத்தில் ஒரு செதில்,
நகக்கண் அழுக்கைவிடச் சின்னது.
இடுக்கியால் எடுத்துத் தாளில் வைத்து
மும்முறை மடித்து ஓரத்தைச் செருகினேன்.
பயிற்சியில் இதற்கொரு பெயர் சொன்னார்கள்.
எனக்கு இது விபூதிப் பொட்டலம்,
தண்ணீர்மலையில் பத்து வயதிலேயே
கை படித்த மடிப்பு.

அப்புறம் கண்ணாடிச் சில்லு, ஏழு.
ஒரு திருகாணி, யாருடையதோ.
ஒரு ஜப்பான் சிலிப்பர்,
இடது கால்.

மோட்டாரில் இரவு வேலை முடிந்து திரும்பியவர்
குணாளன் த/பெ ரங்கசாமி.
அந்தப் பெயரை முதன்முதலில்
லேபிளில்தான் எழுதினேன்.

சட்டை ஆஸ்பத்திரியிலிருந்து
பிளாஸ்டிக் பையில் வந்தது.
எனக்குக் காது சுட்டது.
ஈரத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டினால்
இரண்டே நாளில் பூஞ்சை தின்று ஏப்பம் விடும்,
அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?
பாலாயில் உலர்த்தும் அறை என்று ஒன்று உண்டு,
போன வருஷம்வரை விளக்குமாறு வைத்திருந்த இடம்.
காற்றாடி கூடாது. வெயில் கூடாது.
கீழே வெள்ளைத்தாள் விரித்துத் தொங்கவிட்டேன்.
தோள்பட்டை மட்டும் நிமிர்ந்திருந்தது
உள்ளே ஆள் இருப்பதுபோல.

மறுநாள் தாளில் விழுந்திருந்தவை:
இன்னொரு நீலத் துகள்,
ஒரு முடி,
ஒரு கறிவேப்பிலைக் காம்பு.
மூன்றுக்கும் தனித்தனிப் பொட்டலம், கையுறை மாற்றி மாற்றி.
"கறிவேப்பிலையுமா?" என்றான் கோப்ரல் ஷாஹ்ரில்.
விழுந்ததெல்லாம் என்றேன்.

பெட்டியோடு பெட்டாலிங் ஜெயா.
பாலம் தாண்டும்போதே சீட்பெல்ட் போட்டுவிட்டேன்,
எனக்கல்ல, அதற்கு.
தாப்பாவில் நிறுத்தினோம்.
கையெழுத்திட்டவள் நான்,
என் கண்ணை விட்டு அது நகரக்கூடாது.
கழிவறைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.
வரிசையில் நின்ற அம்மா ஒருவர்
"கேக்கா?" என்று கேட்டார்.
தலையாட்டினேன்.

கவுண்டரில் மிஸ் ஊய்
மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர்.
முத்திரை பார்த்தார், மெழுகு பார்த்தார்,
எண் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்தார்.
சிலிப்பரில் நின்றார்.
பாரத்தில் 'செபாசாங்', ஜோடி.
பையில் ஒன்று.
ஷாஹ்ரில் டைப் செய்தது, பழக்கதோஷம்.
உலகத்தில் செருப்பென்றால் ஜோடிதானே.
மற்றதற்கெல்லாம் ரசீது தந்தார்.
அதை மட்டும் என் பக்கம் தள்ளினார்,
மெதுவாக, இரண்டு விரலால்.

ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட், பதினோராவது மாடி.
லிஃப்ட் ஒன்பதோடு சரி.
கதவோரம் கம்பியில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது
வலது கால்.
"ஆஸ்பத்திரில குடுத்தாங்க.
ஒரே சேறா இருந்துச்சு,
சோப்புப் போட்டுக் கழுவிட்டேங்கக்கா"
என்றார் செண்பகவள்ளி.
பளிச்சென்றிருந்தது.
பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்,
வாரின் இடுக்குவரை.

பையில் கையுறை இருந்தது. எடுக்கவில்லை.
கோப்பி கலக்கிக் கொடுத்தார்.
இன்னொன்று எங்கே என்று அவரும் கேட்கவில்லை,
என் காரில் இருக்கிறது என்று
நானும் சொல்லவில்லை.

பாலாய்க்கு வந்து பாரத்தை எடுத்தேன்.
அடித்து மறைக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது.
ஒரே கோடு;
கோட்டுக்கு அடியில் பழைய சொல் தெரிய வேண்டும்.
செபாசாங்குக்கு மேலே 'செபெலா' என்று எழுதி
சுருக்கொப்பம், தேதி, மணி.
ஒற்றை.

சிலிப்பர் செவ்வாயன்று போய்ச் சேர்ந்தது.
முடிவு வர ஆகும், எத்தனை மாதமோ.
இப்போதெல்லாம் ஜெலுத்தோங்கில்
நீல வேனோ லோரியோ முன்னால் வந்தால்
அதன் இடது முன் மூலையையே பார்க்கிறேன்.
பச்சை விழுந்தது தெரிவதில்லை.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.